நர்ஸை மாற்றினார்கள், பாலம் அப்படியே இருக்கிறது

ஜூன் 12, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள். மலர் தூவுவதை எல்லா சேனலும் காட்டும். மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறந்துவிடும். அதன் பிறகு திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் உள்ள வயலுக்குத் தண்ணீர் எப்போது போகும் என்பதை யாரும் காட்ட மாட்டார்கள். வாய்க்கால் தூர்வாரினார்களா, மதகுப் பலகை இருக்கிறதா, தலைமடைக்காரர் எவ்வளவு எடுத்தார், எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். பயிர் காய்ந்தால் லஸ்கரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற விவசாயி டெல்டாவில் இல்லை. வாய்க்கால் வழியே மேலே நடந்து போய்ப் பார்ப்பார்.

சிஸ்டம்ஸ் திங்கிங் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லித் தருவது ஏறக்குறைய இந்த நடையைத்தான். தமிழில் 'அமைப்பு' என்றால் நம் சங்கமும் அதுதான், சிஸ்டமும் அதுதான். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

எங்கள் பகுதிக் காலனி ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன்பு, சம்பா நடவு நேரத்தில், இரண்டாவது பிரசவத்தில் ஒரு பெண் இறந்தார். இரவில் வலி கண்டது. 108 வண்டி வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, பாலம் பாதி இடிந்திருந்தது. கயிற்றுக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். பிரசவம் ஆனது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. அங்கே ரத்தம் இல்லை. தஞ்சாவூருக்குப் போகும் வழியில் உயிர் போனது.

மறுநாள் சாலை மறியல். கோரிக்கை ஒன்றுதான்: இரவுப் பணியில் இருந்த நர்ஸைப் பணிநீக்கம் செய். பதினைந்து நாளில் அவரை இடமாற்றினார்கள். போராட்டம் வெற்றி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அந்த நர்ஸுக்கு நற்சான்று கொடுக்க நான் வரவில்லை. காலனிப் பெண்களிடம் அவர் பேசுகிற விதத்தை நானே கேட்டிருக்கிறேன். அலட்சியத்துக்கு விசாரணையும் சாதி வசைக்கு வழக்கும் வேண்டும். ஆனால் அவருக்குப் பதிலாக வந்தவரும் அதே கட்டிடத்தில்தான் உட்கார்ந்தார்.

கருமாதிக்குப் பிறகு இறந்தவரின் அம்மாவிடம் பேசினேன். எட்டாம் மாதத்தில் ரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தார்கள், பிறகு ஏன் போகவில்லை?

"நடவு நேரத்துல எப்புடி தம்பி போறது? ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி எறங்குறோம். ஒரு ஆளு கொறஞ்சா கும்பலுக்கே அடி. அங்க போனாலும் திண்ணைக்குக் கீழதான் நிக்கணும்."

துணை சுகாதார நிலையம் இருப்பது ஊர்த்தெருவில். காலனிப் பெண்கள் தள்ளிப்போட்டுத்தான் போவார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். பதிவு தள்ளிப்போனால் தவணை தள்ளிப்போகும், சத்துணவுப் பெட்டகமும் தள்ளிப்போகும், ரத்தசோகை மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். பதிவேட்டில் 'காலனியில் வருகை குறைவு, விழிப்புணர்வு இல்லை' என்று ஏறும். வருகை குறைந்த இடத்துக்கு நர்ஸ் வருவதும் குறையும். அதனால் பெண்கள் போவது இன்னும் குறையும். இந்தச் சுற்றைத் தனி ஒருவர் திட்டமிட்டு நடத்த வேண்டிய அவசியமே இல்லை, தானாகவே ஓடும்.

தாய் மரணத்துக்கு முன்னால் மூன்று தாமதங்கள் இருக்கின்றன என்று தத்தேயுஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள்: மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். இந்த ஒரு சாவில் மூன்றுமே இருக்கின்றன. மறியல் தொட்டது மூன்றாவதில் ஒரு பகுதியை மட்டும்.

தமிழ்நாட்டில் 2018-20இல் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் மரணம் 54, இந்தியாவில் 97. பெருமைப்பட வேண்டிய எண்தான், பல ஆயிரம் பேரின் உழைப்பு அதில் இருக்கிறது. அந்த 54 பேர் எந்தத் தெருக்காரர்கள் என்று சராசரி சொல்லாது. 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினராக உள்ள திருவாரூர் மாவட்டத்தில் அதை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இப்படிக் கேட்பது நமக்குப் புதிதில்லை. 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையைப் படித்துப் பாருங்கள். சாதியை யாரோ ஒருவரின் கெட்ட எண்ணமாக அவர் பார்க்கவில்லை. அகமணம் நிலைக்க வேண்டுமானால் ஒரு குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்து அது குலைந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறார். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அங்கே ஒரே இயந்திரத்தின் பாகங்களாகத் தெரிகின்றன.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தாய் மரணங்களை ஆட்சியர் தலைமையில் ஆய்வு செய்யும் நடைமுறை உண்டு, இறந்தவரின் உறவினர்களையும் அதற்கு அழைக்க வேண்டும். கடிதம் வந்தால் பெரும்பாலான குடும்பங்கள் பயந்துவிடுகின்றன. கூடவே இருங்கள். எந்த மாதம் பதிந்தார், எந்த நாள் போகவில்லை, அன்று என்ன வேலை, வண்டி எங்கே நின்றது, தேதியோடு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். 'நர்ஸ் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கள் பட்டியலில் முதலில் இருப்பது பாலம். சுகாதாரத் துறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் மனு எழுதிவிட்டோம், ஒன்றுக்கு ரசீது வாங்கியாயிற்று. மற்றதற்குத் திங்கட்கிழமை போகிறோம். நடவு இல்லாத நாள், காலனிப் பெண்களும் வருகிறார்கள்.