மற்றும் குழுவினர்

சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாய் அகன்ற மண்பானை ஒன்று இருந்தது. தண்ணீருக்காக அம்மா வாங்கியது. அண்ணன் அதன் வாயில் ஒலிபெருக்கி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, கம்பி இழுத்து, டேப்ரெக்கார்டரோடு பொருத்தியிருந்தார். அந்நாளில் பலர் வீட்டில் இந்த ஏற்பாடு உண்டு. சாதாரணப் பெட்டியில் கேட்காத அடிநாதம் பானைக்குள் புகுந்ததும் திண்ணை வரை அதிரும்.

1994இல் ‘காதலன்’ ஒலிநாடா வந்தபோது எனக்கு வயது 14. சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், சாகுல் ஹமீது மூவரும் பாடிய ‘பேட்டை ராப்’ பாடலின் சொற்களைத் தெருப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து திரிந்தோம். அண்ணன் மட்டும் பானையின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பார். “சொல்லை விடுடா, கீழே என்ன நடக்குதுன்னு கேளு” என்பார். எனக்கு எதுவும் கேட்டதில்லை. கேட்பதுபோல் தலையாட்டுவேன்.

அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். தடித்த நான்கு தந்திகள், நீண்ட கழுத்து. மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்பார். கிடார் சொந்தமானது, ஒலிபெருக்கி இரவல். புவனகிரி, வடலூர், காட்டுமன்னார்கோயில் என்று கச்சேரிக்குப் போய்விட்டு விடியற்காலையில் கரும்பு லாரியில் தொற்றிக்கொண்டு வருவார்.

1996 சித்திரையில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அதே குழு வந்தது. தமிழ் நன்றாக எழுதுவான் என்ற பெயர் எனக்கு அதற்குள் ஏற்பட்டிருந்ததால் துண்டறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அடைமொழிகளால் நிரப்பினேன். பாடகருக்கு நான்கு அடைமொழி, பாடகிக்கு மூன்று. கீபோர்டு, டிரம்ஸ், தபேலா வாசிப்பவர்களின் பெயர்கள். தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்தேன்.

அச்சாகி வந்த தாளை அண்ணன் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். “எழுத்துப்பிழை இல்லாம போட்டிருக்கான்” என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன செய்திருக்கிறேன் என்பது அன்றிரவு அவர் மேடை ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதே ஏப்ரலில் டோக்கியோவில் ஒரு பேஸ் கிடார்க்காரர் இறந்துபோனார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். பெர்னார்ட் எட்வர்ட்ஸ். 43 வயது. உடல்நலம் குன்றிய நிலையிலும் புடோகான் அரங்கில் வாசித்துவிட்டு, மறுநாள் விடுதி அறையில் நிமோனியாவால் மடிந்தார். ‘ஷீக்’ குழுவில் நைல் ராட்ஜர்ஸுடன் இணைந்து 1979இல் அவர் உருவாக்கிய ‘குட் டைம்ஸ்’ பாட்டின் அடித்தளத்தைச் சில மாதங்களிலேயே வேறொரு நிறுவனம் தன் வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசிக்கச் செய்து, மேலே பேச்சுப்பாட்டை ஏற்றி வெளியிட்டது. அதுதான் ‘ராப்பர்ஸ் டிலைட்’, ஹிப்-ஹாப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற முதல் பெரும் இசைத்தட்டு. முதலில் இவர்கள் பெயர் அதில் இல்லை. வழக்கு மிரட்டலுக்குப் பிறகே இருவரும் ஆக்கியோராகச் சேர்க்கப்பட்டார்கள். இத்தனைக்கும் எட்வர்ட்ஸ் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். டயானா ராஸின் 1980 தொகுப்பை ராட்ஜர்ஸோடும், ராபர்ட் பாமரின் ‘ரிப்டைட்’ தொகுப்பைத் தனியாகவும் தயாரித்தவர். அவருக்கே இந்தக் கதி. மோடவுன் நிறுவனத்துக்காக அறுபதுகளில் ஓயாமல் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் உறையில் இடம்பெற 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரவேண்டியிருந்தது.

நம் பக்கத்திலும் கதை வேறல்ல. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் தனியொரு பாடகரைப்போல நடந்துபோகும். அந்த நடையை ஸ்வரம் ஸ்வரமாக எழுதித் தந்தவர் அவர்; அதற்கு விரலால் உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சசிதரன். பாடல்களை உருகிக் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ரகுமானின் கூடத்தில் முறை வேறு. வாத்தியக்காரரை வாசிக்கவிட்டு, பதிவானதிலிருந்து தேர்ந்தெடுத்துக் கோப்பார். அவருடைய ஒலிநாடாக்களின் உள்தாளில் வாத்தியக்காரர்களின் பெயர்களும் அச்சாகத் தொடங்கின.

அண்ணன் ஒருநாள் அப்படியொரு உள்தாளை விரித்து என்முன் வைத்தார். பொடியெழுத்தில் ‘கீத் பீட்டர்ஸ்’ என்ற பெயர். சென்னைக்காரர், ரகுமானோடு நெடுங்காலம் பதிவிலும் மேடையிலும் வாசித்தவர். மெட்டுகள் இல்லாத பேஸ் கிடாரில் தேர்ந்தவர். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அதற்கும் சாதாரண பேஸ் கிடாருக்கும். உலோகக் கட்டை தடுக்காததால் விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போகலாம். மேற்கத்திய கருவியில் நம் கமகம் வந்து உட்காரும். அண்ணன் இதை மேசைமேல் விரலை இழுத்துக் காட்டி விளக்கினார். பிறகு, “பேரு போட்டிருக்கான் பாத்தியா” என்றார். அந்தத் துண்டறிக்கையைப் பற்றி அவர் பேசியது அது ஒன்றுதான், அதைத்தான் பேசினார் என்றால்.

குறுந்தொகை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் தடுமாறுகிறேன். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் ஆகியோரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவரவர் பாட்டில் இருந்த ஒரு தொடரையே பெயராக்கித் தொகுத்தவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள். பெயர் தொலைந்தவனை அவன் செய்ததாலேயே அழைப்பது என்ன ஒரு நாகரிகம்! பதினாறு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. இடம் போதவில்லை என்பது பொய். பாடகியின் மூன்றாம் அடைமொழியை நீக்கியிருந்தால் போதும்.

கணினி இசை ஊருக்குள் வந்ததும் மேடையில் பேஸ் கிடார் தேவையற்றதாயிற்று. கீபோர்டின் இடக்கை அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. அண்ணன் 2003இல் கிடாரை விற்றார். கடைவீதிக்கு அருகே மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கோடையில் வயல் மோட்டார்கள் வரிசையாக எரிந்து வரும்போது அவருக்குப் பேசவும் நேரமிராது.

சென்ற மாதம் போயிருந்தேன். விருத்தாசலம் போகும் தனியார் பேருந்து ஒன்று நிறுத்தத்தில் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பழைய பாட்டு. சொற்கள் இரைச்சலில் கரைந்து, அடிநாதம் மட்டும் பட்டறைத் தகரத்தில் வந்து மோதியது. அண்ணன் செப்புக் கம்பியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார். பேருந்து புறப்பட்டதும், “சசி” என்றார்.