இடம் பெயர்ந்த சிலைகள்

சிலைகள் வாய் திறந்து பேசா. ஆயினும் அவை நிற்கும் இடம் பேசும். ஒருவர் உருவத்தை நாற்சந்தியில் உயர்ந்த பீடத்தின்மேல் நிறுத்துவது, 'இவர் போற்றத்தக்கவர்' என்று ஊரார் அனைவரும் கூறுவதற்கு ஒப்பாகும்.

சங்கராபுரத்து மாணவர் சிலர், தம் ஆசிரியருடன் சென்னை மாநகரைக் காணச் சென்றனர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் படைத்தலைவன் ஒருவனின் பெரிய சிலையைக் கண்டு வியந்து நின்றனர். ஆசிரியர் அதன் வரலாற்றைக் கூறலானார்.

அது நீல் என்பவனின் சிலை. 1857ஆம் ஆண்டுப் புரட்சியை ஒடுக்கச் சென்று, இரக்கமின்றி இந்தியர் பலரைக் கொன்றவன் அவன். இலக்னோவில் நிகழ்ந்த போரில் அவனும் மாண்டான். 1861இல் ஆங்கில ஆட்சியினர் அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை நிறுவினர். தம்மவரைக் கொன்றவனைத் தம் தெருவிலேயே மக்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. 1927இல் தொண்டர்கள் அச்சிலையை அகற்றக் கோரி அறப்போர் தொடுத்துச் சிறை சென்றனர். காந்தியடிகளும் அவர்களை ஆதரித்தார். பத்தாண்டுகள் கழித்து, 1937இல், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சிலை அகற்றப்பெற்றது. 1952இல் அருங்காட்சியகத்தை அடைந்தது.

மாலையில் அவர்கள் மெரினாக் கடற்கரைக்குச் சென்றனர். அங்கே கையில் சிலம்பேந்தி நின்றாள் கண்ணகி. 1968ஆம் ஆண்டு சனவரியில், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த சிலை அது. 2001 டிசம்பரில் அஃது அகற்றப்பெற்றது. போக்குவரத்துக்கு இடையூறு என்று காரணம் கூறப்பட்டது. தமிழ் ஆர்வலர் பலர் அதனை ஏற்கவில்லை. சில காலம் அச்சிலையும் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2006 சூனில் மீண்டும் கடற்கரைக்கு வந்தது. "நிலையை விட்டுச் சென்ற தேர் நிலைக்கு வந்துவிட்டது!" என்று மகிழ்ந்தான் ஒரு மாணவன்.

மற்றொருவன் சிந்தனையில் ஆழ்ந்தான். "ஐயா, நமக்கு வேண்டாதவர் சிலையை அகற்றலாம், வேண்டியவர் சிலையை அகற்றலாகாது என்பதுதான் நீதியா?" என்று வினவினான்.

ஆசிரியர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "தம்பி, நல்ல வினா. விருப்பு வெறுப்பு நீதியாகாது. நீலின் சிலையை ஏன் அகற்ற வேண்டும் என்பதை மக்கள் வெளிப்படையாக எடுத்துரைத்தனர். அதற்காகத் துன்பமும் ஏற்றனர். அகற்றிய பின்னும் அதனை உடைத்தெறியவில்லை. ஆதலால் இன்று நீங்கள் அதனைக் கண்டு பழைய கொடுமையை அறிந்தீர்கள். பீடத்தில் நின்றபோது அது புகழைக் கேட்டது. இப்போது பாடம் சொல்கிறது. சாலை விரியும்போதும் நகரம் வளரும்போதும் சிலைகளை இடம் மாற்ற நேரலாம். ஆனால் பொதுவிடத்தில் உள்ளது பொதுமக்களின் உடைமை. அதனை ஏன் மாற்றுகின்றனர், எங்கே வைக்கின்றனர் என்று கேட்பது குடிமக்களின் உரிமை" என்றார்.

மாணவர்கள் கண்ணகியை மீண்டும் நோக்கினர். மன்னன் அவையிலே அஞ்சாது நீதி கேட்டவள் அல்லளோ அவள்!