விடையினும் வினா பெரிது

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து போபாலில் குடியிருக்கும் நம் போன்றோர்க்குப் பிள்ளைகளின் மதிப்பெண்ணே வீடும் நிலமும் ஆகும். அவர்களுக்கு விட்டுச் செல்ல வேறு சொத்து இல்லை. ஆகவே, அவர்கள் அறிந்துகொண்டார்களா என்று பார்ப்பதைக் காட்டிலும், ஒப்பிக்கிறார்களா என்று பார்ப்பதிலேயே நம் மாலைப் பொழுதுகள் கழிகின்றன.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் பயின்ற நம் மகள், விதை முளைக்க எவையெவை வேண்டும் என்ற தேர்வு வினாவுக்கு, "நீரும் காற்றும் வெதுவெதுப்பும் வேண்டும், எங்கள் வீட்டில் துணியில் கட்டி வைத்த பச்சைப்பயறு இருட்டிலேயே முளைத்தது, ஆகையால் அதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தது. எழுதிக் கொடுத்த குறிப்பில் உள்ளவாறு எழுதுக என்று சிவப்பு மையில் ஒரு வரியும் இருந்தது. ஆசிரியரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. "பயற்றுக் கதையெல்லாம் எதற்கு? கொடுத்ததை எழுதினால் போதாதா?" என்று அவளைக் கடிந்துகொண்டவர் நாமே அன்றோ! அன்று முதல் அவள் "இது ஏன்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். மதிப்பெண்ணைவிட அதுவே பெரிய இழப்பு என்பது நமக்குச் சில திங்கள் கழித்தே விளங்கிற்று.

விளங்க வைத்தவர், அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர். 2022இல் நர்மதாபுரம் எனப் பெயர் மாறிய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1980களில் பள்ளியில் பயின்றவர். அம்மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு, கிஷோர் பாரதி முதலிய இரு தொண்டு நிறுவனங்கள் அரசின் இசைவோடு 16 பள்ளிகளில் ஒரு புதிய அறிவியல் கல்வி முறையைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனை ஏற்று நடத்தியது.

அவர்களுடைய பாடநூலின் பெயர் 'பால் வைஞானிக்'. குழந்தை விஞ்ஞானி என்று பொருள். அது வினாக்களை எழுப்பிற்றே அன்றி விடைகளை எடுத்துத் தரவில்லை. பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதி, கூடி விவாதித்தனர். தேர்விலும் நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பார்த்து எழுத அதில் விடை இருந்தால் அல்லவா! 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதி ஐயங்களைக் கேட்பதும் உண்டு. "சோதனை தவறினால் எங்கள் ஆசிரியர் வையமாட்டார், ஏன் தவறிற்று என்று எங்களோடு சேர்ந்து யோசிப்பார்" என்றார் நண்பர்.

ஆயினும் அம்முறை எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதாம் வகுப்பில் பழைய மனப்பாடமே காத்திருந்தது. 30 ஆண்டுகள் நடந்த பின், 2002இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. 1993இல் யஷ்பால் குழு பாடச் சுமையைக் குறைக்கச் சொல்லிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மனப்பாடம் வேண்டா என்கிறது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை. வினாத்தாளும், அதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் மனமும் மாறாதவரை, அவை பள்ளியின் வாயிலோடு நின்றுவிடும்.

வினாத்தாள் நம் கையில் இல்லை, மனம் நம்முடையது. ஒரு ஞாயிறன்று மகளை அழைத்து மூன்று கிண்ணங்களில் பயறு இட்டோம். ஒன்று உலர்ந்தது, ஒன்று நனைந்தது, ஒன்று நீரில் முழுதும் மூழ்கியது. நனைந்தது முளைத்தது; உலர்ந்தது அப்படியே கிடந்தது. மூழ்கியது முளைக்காது என்றே நாம் எண்ணியிருந்தோம். அதிலும் சில பயறுகள் சிறிது முளை விட்டு, அதன் பின்னரே அழுகின.

"காற்று இல்லாமல் எப்படி முளைத்தது? தண்ணீருக்குள்ளேயும் காற்று இருக்கிறதா, அப்பா? அதனால்தான் மீன் பிழைக்கிறதா?" என்றாள்.

விடை அறிந்திருந்தும் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டோம். "எப்படிக் கண்டுபிடிக்கலாம், நீயே சொல்" என்றோம். சற்றே நெற்றியைச் சுருக்கி நின்றவள், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலும் பயற்றைப் போட்டுப் பார்க்கலாமே என்று சொல்லி, நான்காவது கிண்ணத்தைத் தேடிச் சமையலறைக்கு ஓடினாள்.