மாடலை எங்கே வெட்டுவது?

மாடலிங் கருவியையும் கிட்டையும் சேர்த்து அமைத்துத் தரச் சொல்லும் குழுக்கள், எந்தக் கருவி வாங்கலாம், சர்வரை எங்கே வைக்கலாம் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் மாடல் எத்தனை கோப்புகளாக இருக்கிறது, எந்தக் கோப்பை யார் தொடுகிறார்கள்? இதற்குப் பதில் கிடைக்கும்வரை மற்றதைப் பேசிப் பயனில்லை.

கிட், லினக்ஸ் கெர்னலின் நிரல்களைப் பராமரிக்க 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. அதன் மெர்ஜ் வரி வரியாகத்தான் பார்க்கும். ஒரு நிரலில் நீங்கள் பத்தாவது வரியையும் நான் ஐந்நூறாவது வரியையும் மாற்றினால், இரண்டையும் சேர்த்த கோப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மாடல் அப்படியல்ல. கிளாஸ், போர்ட், இணைப்பு என்று ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகளின் வலை அது. சேமிக்கும்போதுதான் எக்ஸ்எம்எல் வரிகளாகிறது. அந்த வரிகளின் பொருள் கிட்டுக்குத் தெரியாது.

எக்லிப்ஸின் இஎம்எஃப் சட்டகத்தில் சொந்தமாக மாடலிங் மொழி உருவாக்கும் குழுக்களிடம் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். ஓர் உறுப்பு இன்னொன்றைச் சுட்டுவதை இஎம்எஃப், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே எழுதும். தெருமுனையிலிருந்து நாலாவது வீடு என்று முகவரி சொல்வது மாதிரி. முனையில் புதிதாக ஒரு வீடு எழும்பினால் முகவரிகள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ஒரு கிளையில் ஒருவர் பட்டியலின் தொடக்கத்தில் புது உறுப்பைச் சேர்க்கிறார். இருக்கும் சுட்டல்களைக் கருவியே திருத்தி எழுதிவிடுகிறது. இன்னொரு கிளையில் வேறொருவர் பழைய நாலாவது உறுப்பைச் சுட்டிப் புதிய இணைப்பு ஒன்று போடுகிறார். கோப்பில் இவை வெவ்வேறு இடங்கள். கிட் முனகாமல் மெர்ஜ் செய்துவிடும். உறுப்புகள் ஒரே வகையாக இருந்தால் கோப்பும் பிழையில்லாமல் திறக்கும். இணைப்பு மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். கான்ஃப்ளிக்ட் என்று கத்தி நிற்கும் மெர்ஜைக் கண்டு நான் பயப்படுவதில்லை. சத்தமில்லாமல் முடிவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் மாறாத அடையாள எண் கொடுப்பது. இஎம்எஃப்பில் சில வரி நிரல்தான். யூஎம்எல் வரையும் பாப்பிரஸ் கருவியில் அது ஏற்கெனவே உண்டு. பாப்பிரஸ் எனக்குப் பிடித்துப்போக இன்னொரு காரணமும் இருக்கிறது. மாடலின் பொருளை ஒரு கோப்பிலும், படத்தில் பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்பதை நொட்டேஷன் என்ற தனிக் கோப்பிலும் அது வைக்கிறது. பெட்டியை இரண்டு விரற்கடை நகர்த்தியவர், பொருளுள்ள கோப்பைத் தொட்டிருக்கவே மாட்டார். படத்தை அழகுபடுத்துவதைத் தனி கமிட்டாகப் போடுங்கள் என்று நான் வற்புறுத்த அந்தப் பிரிவினைதான் கைகொடுக்கிறது.

இனி வெட்டும் இடம். யூஸ் கேஸ் எல்லாம் ஒரு கோப்பு, சீக்வென்ஸ் எல்லாம் ஒரு கோப்பு என்று படவகையை வைத்துப் பிரிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் எல்லாக் கோப்பையும் திறக்க வேண்டியிருக்கும், ஆட்கள் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். பொறுப்பு யாருடையதோ அந்த எல்லையில் வெட்ட வேண்டும். பிரேக் பார்ப்பவருக்கு ஒரு கோப்பு, விளக்குகளைப் பார்ப்பவருக்கு ஒரு கோப்பு. இருவருக்கும் பொதுவான இன்டர்ஃபேஸ்கள் மூன்றாவதாக, சிறியதாக. அதற்காகப் பொடிப்பொடியாக நறுக்கவும் கூடாது. ஒரு கோப்பு இன்னொன்றைப் பெயர் சொல்லித்தான் சுட்டுகிறது. கருவிக்கு வெளியே யாராவது பெயரை மாற்றினால் சுட்டிய கோப்புகள் எல்லாம் அநாதையாகும்.

சில கருவிகளின் கோப்புகள் வெறும் எக்ஸ்எம்எல் வரிகளாக இருப்பதில்லை. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்டின் பழைய இஏபி கோப்பு ஒரு முழு டேட்டாபேஸ். அதை அப்படியே கிட்டில் போட்டால் வரலாறு இருக்கும், படிக்க முடியாது. பேக்கேஜ் வாரியாக எக்ஸ்எம்ஐ ஆக எடுத்துத்தான் வைக்க வேண்டும். சிமுலிங்க்கின் எஸ்எல்எக்ஸ் கோப்பு 2012 முதல் உள்ளே எக்ஸ்எம்எல் வைத்துக் கட்டிய ஜிப். கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் அதை பைனரி என்று குறித்துவிட்டு, ஒப்பீட்டையும் மெர்ஜையும் சிமுலிங்க்கின் சொந்தக் கருவியிடம் விடுவதே சரி.

அங்கேதான் ஒரு குழி. இந்த வகைக் கோப்பை இந்த மெர்ஜ் டிரைவர் கையாளட்டும் என்று கிட்ஆட்ரிபியூட்ஸில் எழுதுகிறோம். அந்த வரி ரெப்போவோடு எல்லோருக்கும் போய்ச் சேரும். டிரைவர் எது, எப்படி ஓட வேண்டும் என்ற விவரமோ அவரவர் கணினியின் கிட் அமைப்பில் இருப்பது. குளோன் செய்தால் வராது. விவரம் இல்லாத கணினியில் கிட் எதுவும் சொல்லாமல் தன் வழக்கமான மெர்ஜுக்கே திரும்பிவிடும். ஆகவே புதிதாகச் சேருபவர் முதலில் ஓட்ட வேண்டிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ரெப்போவிலேயே வைத்துவிடுகிறேன். அவர் ஓட்டியிருக்கிறாரா என்று நேரிலும் பார்த்துவிடுவேன்.

பூட்டு என்றால் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சப்வெர்ஷனில் பூட்டு எடுக்கும்வரை கோப்பு படிக்க மட்டுமே திறக்கும்படி வைக்க முடியும். கிட் எல்எஃப்எஸ்ஸிலும் 2017 முதல் பூட்டு இருக்கிறது. அந்த மூன்றாவது கோப்பு, இன்டர்ஃபேஸ் கோப்பு, அதற்கு நான் பூட்டுத்தான் போடுவேன். அதில் இருவர் ஒரே நேரத்தில் கைவைக்க வேண்டியிருந்தால் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது அவர்கள் இருவரும்தான்.

எக்ஸ்எம்எல் வித்தியாசத்தைப் பார்த்து யாரும் மாடலை மதிப்பாய்வு செய்ய முடியாது. ஒவ்வொரு மெர்ஜ் கோரிக்கைக்கும் சிஐ சர்வர் மாடலைத் திறந்து, அறுந்த சுட்டல் இருக்கிறதா என்று சோதித்து, மாறிய படங்களை முன்னும் பின்னுமாக வெளியிட வேண்டும். எதற்காக மாற்றினோம் என்பதை கமிட் செய்தியில் மனிதர்தான் எழுத வேண்டும்.

கருவியின் புதுப் பதிப்பு வரும்போதும் அவசரம் வேண்டாம். பல கருவிகள் புதுப் பதிப்பில் ஒருமுறை சேமித்தாலே கோப்பு முழுவதையும் மாற்றி எழுதிவிடும். திறந்திருக்கும் கிளைகளை எல்லாம் முதலில் மெர்ஜ் செய்து மூடச் சொல்வேன். பிறகு ஒரே ஆள், புதுப் பதிப்பில் எல்லாக் கோப்பையும் திறந்து சேமித்து, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் ஒரே கமிட். மற்றவர்கள் மறுநாள் காலை புதுப் பதிப்பை நிறுவிக்கொண்டு அந்த கமிட்டிலிருந்தே புதிய கிளைகளைத் தொடங்கலாம்.