ஓவாவை எங்கே அனுப்புவது?

"ரப்பர் படகைக் கடித்துக் கிழிக்கிற மிருகத்தை வேறு எங்காவது கொண்டுபோய் விடக்கூடாதா?" ஆக்லாந்தில் படகு வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இதைக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் சொல்வது ஓவாவை. வெஸ்ட்ஹேவன் படகுத்துறை மேடையில் ஏறிப் படுத்து, ஊருக்கே பழக்கமாகிவிட்ட பெண் சிறுத்தைக் கடல்நாய். ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம், பாம்பு போன்ற தலை, அகன்ற வாய். காற்றடைத்த படகுகளில் ஓட்டை போட்டது உண்மை. நஷ்டமும் உண்மைதான்.

ஆனாலும் ஓவாவை அகற்றக்கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நியூசிலாந்தின் 1978ஆம் ஆண்டு கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் துன்புறுத்துவதே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2,50,000 டாலர் வரை அபராதம். முன்பெல்லாம் இந்த இனத்தை அண்டார்டிகாவிலிருந்து வழிதவறி வந்ததாகத்தான் பதிவு செய்திருந்தார்கள். ஆண்டு முழுக்க இங்கே வாழ்வதை ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, 2019இல் அந்த வகைப்பாடு மாறியது. தோலுக்காகக் கொன்று தீர்க்கப்பட்ட உரோமக் கடல்நாய்களும் இப்போது கரை திரும்புகின்றன. அவற்றுக்கும் இதே சட்டம்தான் காவல். நம்மைப் போலவே அவற்றுக்கும் இது ஊர்.

கரையில் கடல்நாய் படுத்திருந்தால் 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்கள் நாயைக் கயிற்றில் பிடியுங்கள். படத்துக்காகக் குழந்தையை அதன் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.