பூத்துவிட்ட பிராக்கோலி

தில்லியில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு மேலே ஒரு மொட்டைமாடி உண்டு. சென்ற அக்டோபரில் அங்கே ஐந்து பைகளில் பிராக்கோலி நாற்றுகளை நட்டேன். உதவித்தொகை நின்றுபோய், ஆய்வேட்டின் நான்காம் இயல் எழுதி முடித்தும் நெறியாளரிடம் போகாமல் என் கணினியிலேயே கிடந்த காலம் அது. ஏதேனும் ஒன்று வளர்வதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல், பிராக்கோலி யாவும் பிராசிக்கா ஒலரேசியா என்னும் ஒரே இனத்தின் வகைகள். மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்து ஒன்றில் இலையையும், ஒன்றில் தண்டையும், ஒன்றில் மொட்டையும் பெருக்கவைத்தார்கள். மொழியியல் படித்தவளுக்கு இங்கே கிளைமொழிகள் நினைவுக்கு வராமல் இரா. நூல்கோலில் நூலும் இல்லை, கோலும் இல்லை. டச்சு மொழிவழி வந்த பெயரைத் தமிழ்ச்செவி தனக்குத் தெரிந்த இரு சொற்களாக்கிக்கொண்டது. பிராக்கோலிக்கு அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை. இத்தாலிய மொழியில் அது 'சிறு தளிர்கள்' என்னும் பொருளுடைய பன்மைச் சொல். நாமோ ஒருமையாகவே வழங்குகிறோம்.

டிசம்பர் இறுதியில் இலைகளின் அடியில் அசுவினி அப்பியது. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தேன். ஜனவரி நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தலைகள் திரண்டன. மொட்டுகள் இறுகியிருக்கும்போதே அறுத்துவிட வேண்டும் என்பதை அறிவேன். இன்னும் சற்றுப் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். பிப்ரவரியில் வெயில் ஏறியது. நெறியாளரின் மின்னஞ்சலுக்கு விடை எழுதத் துணிவின்றி அறைக்குள் அடைந்துகிடந்துவிட்டு, ஆறு நாள் கழித்து மாடிக்குப் போனால் ஐந்தில் நான்கு பூத்திருந்தன. கடுகுப் பூவைப் போலவே நான்கிதழ் மஞ்சள்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் நெல்லும் உளுந்தும் விளைவிப்பவர். பிராக்கோலியைக் கண்ணால் கண்டதில்லை. என் ஆய்வைப் பற்றிக் கேட்பதை ஓராண்டாகவே நிறுத்தியிருந்தார். கேட்டால் சினந்துவிடுவேன் என்ற அச்சம்.

"பூத்துட்டா என்னம்மா, விஷமாவா போயிடும்? அறுத்துச் சமைச்சுப் பாரு" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "உன் எழுத்து வேலை எந்த மட்டுல இருக்கு?"

எழுதியாகிவிட்டது, கொடுக்கத்தான் இல்லை என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு பூக்களோடு சேர்த்தே நறுக்கித் தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்தேன். சற்றே கசந்தது. மறுநாள் காலை நான்காம் இயலை அனுப்பினேன்; இன்னும் பதில் வரவில்லை. அறுத்த தண்டுகளின் இலைக்கக்கங்களில் புதுத் தளிர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை விரல் நீளம் வந்ததுமே அறுத்துவிடுகிறேன்.