சங்காயத்தின் கணக்கு

இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. திங்கள் போன படகு மறுநாள் விடியலில்தான் திரும்பும். ஆகவே மீன் கணக்கெடுக்கிறவர் செவ்வாய் விடியலில் ஜெட்டியில் நிற்க வேண்டும். அப்படி ஒருவரோடு நானும் போய் நின்றேன்.

படகு அணைந்ததும் முதலில் இறங்குவது இறால். ரகம் பிரித்து, ஐஸ் போட்டு, வியாபாரி கைக்கு மளமளவென்று போய்விடும். அதற்குப் பிறகு மண்வெட்டியால் வாரிக் கொட்டுவதுதான் சங்காயம். காரல், நவரைக் குஞ்சு, பேத்தை, கணவாய்ப் பொடி, கால் ஒடிந்த நண்டு, நடுவே கடல்பாசியும் சேறும். விரல் நீளம் தாண்டியது அதில் அபூர்வம்.

மேலாக அள்ளினால் கணக்கு தப்பிவிடும் என்றார் அவர். பொடி மீன் அடியில் தங்கிவிடுமாம். குவியலின் ஓரத்திலும் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து, தார்ப்பாயில் பரப்பி, இனம் இனமாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் நிறுத்து, அளவுப் பலகையில் மூக்கு முட்ட வைத்து வால் வரை நீளம் பார்த்தார். மாதிரியிலிருந்து படகுக்கு, படகிலிருந்து துறைமுகத்துக்கு என்று கணக்கு பெருகிப் போகிறது. காரல் செதில் ஒட்டி நோட்டின் தாள்கள் பிரியவே இல்லை.

"முந்தியெல்லாம் இதைக் கடல்லயே தள்ளிருவோம் தம்பி. இப்ப கோழித் தீவனத்துக்கு எடுக்குறாக. டீசல் காசுல கொஞ்சம் தேறும்" என்றார் படகின் டிரைவர்.

எனக்கு உறுத்துவது இதுதான். கரைக்கு வருவதால் எண்ண முடிகிறது, சரி. ஆனால் விலை கிடைக்கிற பொடி மீனைத் தப்பவிட யாருக்கு மனம் வரும்? இழுவலை மடியின் கடைசிக் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிற விதி, இந்தக் குவியல் முன்னால் காகிதமாகத்தான் தெரிகிறது.

எண்ண முடியாததும் உண்டு. கடல் குதிரை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், ஆமையும் பாதுகாக்கப்பட்டதுதான். மடியில் விழுந்தாலும் அவற்றை யாரும் ஜெட்டிக்குக் கொண்டுவர மாட்டார்கள். ஆமை தப்பும் கருவி மடியில் இல்லை என்றுதான் 2019இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அந்தக் கருவியை வடிவமைத்துப் பல காலமாகிறது. மடியில் அதைக் கட்டினால் இறாலும் அதன் வழியே போய்விடும் என்ற பயம் இங்கே தீரவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில் பயிற்சி பெற்ற படகு ஆள்களே ஆமை, கடற்பாம்பு, வேளா மீன் கணக்கை எழுதுகிறார்கள். அங்கே இருப்பது ஐம்பது சொச்சம் இறால் படகுகள். பாக் நீரிணையில் நூற்றுக்கணக்கில். கணக்கெடுப்பவர் ஏறினால் படுக்க இடமிருக்காது. இங்கும் படகு ஆள்கள்தான் எழுதியாக வேண்டும்.

"ஆமை விழுந்தா நீங்களே எழுதித் தருவீங்களா அண்ணே?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"விழுந்துச்சுன்னு எழுதுனா எம்மேல கேஸு. விழலைன்னு எழுதித் தரவா?"

உயிரோடு திருப்பி விட்டதை எழுதுகிறவன்மேல் வழக்கு வராது என்று முதலில் ஓர் அரசாணை வரட்டும். நோட்டுப் புத்தகத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.